துவாய் ஒன்று, நாலு பவுண்டு ஐம்பது

லீட்ஸ், சப்பல்டவுன் சாலை,
முடிதிருத்தும் கடைக்கு மேலே ஓர் அறை.
மாதக் கடைசி வியாழன் ஏழு மணிக்குச்
சகோதரர் சங்கம் கூடும்.
பதினொரு பேர். ஆண்கள். கறுப்பர்கள்.
ஆண்களைக் காதலிப்பவர்கள்.
மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல
எனக்கு ஒரு வருடம் பிடித்தது.
அவர்களோ அதைச் சங்க விதிகளின்
முதல் வரியிலேயே எழுதிவைத்திருந்தார்கள்.

நான் கணக்குப் பார்ப்பவன்.
மாதம் முப்பது பவுண்டும்
லின்வால் சுடும் இஞ்சிக் கேக்கும் கூலி.

ரசீதுகள் பிஸ்கட் டப்பாவில் வரும்.
ஏணி ஒன்று.
திருமதி பௌலெட் வீட்டு மாடிப்படிக்கு
மின்குமிழ் ஏழு.
சிறுநீரகம் பழுதான ஒருவரை
ஆஸ்பத்திரிக்கு ஏற்றியிறக்கிய பெற்றோல்.
வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட
பத்தொன்பது வயதுப் பையனுக்குக்
குளிர்ச்சட்டை, சப்பாத்து,
சாவி வெட்டிய கூலி.
யாருடைய வீட்டுச் சாவி என்று
ரசீதில் இல்லை.
நானும் கேட்கவில்லை.

சண்டையும் பிடிப்பார்கள்.
ஊதா நிறக் கழுத்துப்பட்டி கட்டாயமா என்பதிலேயே
இரண்டு கூட்டம் கரைந்தது.
வாக்கெடுப்பில் தோற்ற க்வாபெனா
மூன்று வாரம் யாரோடும் கதைக்கவில்லை,
ஆனால் மூன்று சனிக்கிழமையும் வந்து
ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

எவரால்ட், எழுபத்தெட்டு வயது,
முப்பது வருடம் பஸ் ஓட்டியவர்.
அவருடைய குசினிக்கு இவர்கள்தான்
மஞ்சள் அடித்துக் கொடுத்தார்கள்.
"பின்கதவால் வாருங்கள்" என்பாராம்.
"பட்டியைக் கழற்றிப் பைக்குள் வையுங்கள்.
எதிர்வீட்டுக்காரர் பார்ப்பார்கள்."
அவர்களும் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவார்கள்.
ஒருநாள், யாரும் கேட்காமலே,
பணப்பையிலிருந்து ஒரு படம் எடுத்துக் காட்டினாராம்.
கண்டக்டர் தொப்பியோடு ஒருவர்.
பெயர் சொல்லவில்லை.

பெப்ரவரியில் இறந்தார்.
தேவாலயம் பூ அனுப்பியது, ஆள் அனுப்பவில்லை.
பிரிஸ்டலில் இருக்கும் அண்ணன் மகன்
போனை எடுக்கவேயில்லை.

தூக்க ஆறு பேர் வேண்டும் என்றது சவச்சாலை.
செவ்வாய்க்கிழமை. வேலை நாள்.
எண்ணிப் பார்த்தால் ஐந்து.
எல்லாரும் என் பேனாவைப் பார்த்தார்கள்.
"நான் கணக்கன்" என்றேன்.
"அப்படியென்றால் எண்ணத் தெரியுமே" என்றான் லின்வால்,
"ஐந்தோடு ஒன்று."

நான் குள்ளன்.
என் மூலை சரியும் என்று
க்வாபெனா புதுத் துவாய் ஒன்றை நாலாய் மடித்து
என் தோளில் வைத்தான்.
சும்மாடு என்றேன்.
தன் ஊர்ச் சந்தையிலும் பெண்கள்
தலைச்சுமைக்கு வைப்பதுண்டு என்று
அதன் பெயரைச் சொன்னான்.
நடுக்கத்தில் காதில் ஏறவில்லை.

என் அம்மா ஞாயிறுதோறும் எடுப்பா.
எனக்கு நாற்பத்தொன்று.
"நாலு பேர் என்ன கதைப்பினம், தம்பி?"
பெண்ணின் படம், சாதகம்,
பிறகும் அந்த நாலு பேர்.
அவர்களை நான் ஒருநாளும் கண்டதில்லை.
முதல் வரியிலுள்ள மூன்றில்
இரண்டு எனக்கும் பொருந்தும் என்பதை
அம்மாவுக்கும் சொன்னதில்லை,
அந்த அறையிலும் சொன்னதில்லை.

ஒடுங்கிய நடை. சுவரில் முழங்கை உரசியது.
பின்பக்கம் வழி அகலம், வசதி என்றார் சவச்சாலைக்காரர்.
"முன்கதவு" என்றான் ஒலுமிடே.
வேறொன்றும் சொல்லவில்லை.
முன்கதவைத் திறந்தோம்.
ஆறு ஊதாப் பட்டிகள், ஒன்று எனக்கு இரவல்.
எதிர்வீட்டுத் திரை அசைந்தது.
யாரோ குப்பைத்தொட்டியை நகர்த்தி வழிவிட்டார்.
மனிதர் இவ்வளவு பாரம் என்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை டப்பாவைத் திறந்தேன்.
துவாய் ஒன்று, நாலு பவுண்டு ஐம்பது.
எந்தத் தலைப்பில் ஏற்றுவது?
நன்கொடையா, மலர்ச் செலவா, இதரமா?
வெகுநேரம் யோசித்து
ஏணிக்குக் கீழே எழுதினேன்,
கருவிகள் என்று.

பட்டியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.
அவர்களும் கேட்கவில்லை.